வாசகர் கேள்வி: போர்ட் ஒயினும் பன்னீர் திராட்சையும்

இரண்டு இதழ்களுக்கு முன்னால் உலர் திராட்சை பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, கலிஃபோர்னியாவில் மடேரா என்கிற சின்ன ஊரில் போர்ட் வகை இனிப்பு ஒயினை மட்டுமே நம்பிப் பிழைத்த ஒரு குடும்பம் உண்டு என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களில் கால்வாசிகூட உலர் திராட்சைக்கு வரவில்லை. சரி, இந்த முறை முழுக்க அதுதான். வேறு விஷயம் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளவும்.

போர்ட் என்றால் சர்க்கரை போட்ட ஒயின்தானே சார்? இதில் தனியாக என்ன தொழில் நுணுக்கம் இருக்கிறது?
— கோவை வாசகர்

சர்க்கரை போடுவதில்லை. விஷயமே அங்கேதான் இருக்கிறது.

திராட்சைச் சாற்றில் இருக்கிற சர்க்கரையை ஈஸ்ட் தின்று ஆல்கஹாலாக மாற்றுகிறது, அப்படித்தான் ஒயின் பிறக்கிறது. அதன் போக்கில் விட்டுவிட்டால் அநேகமாக முழுவதையும் தின்று தீர்த்துவிடும், நாக்குக்கு இனிப்பே மிஞ்சாது. போர்ட் செய்கிறவர் பாதி வழியில் குறுக்கே புகுந்து நிறுத்துகிறார். சாறு ஆறேழு சதவீத ஆல்கஹாலைத் தொடும்போது அதில் கடுமையான திராட்சைச் சாராயத்தை ஊற்றிவிடுவார். போர்ச்சுகலில் அந்தச் சாராயத்தில் 77 சதவீதம் ஆல்கஹால். பழைய கணக்குப்படி 550 லிட்டர் பீப்பாய் ஒன்றுக்கு ஏறக்குறைய 435 லிட்டர் சாறு, 115 லிட்டர் சாராயம். மொத்தம் 20 சதவீதத்தை ஒட்டிப் போனதும் ஈஸ்ட் செத்துவிடும், அது தின்னாமல் விட்ட சர்க்கரை லிட்டருக்கு 100 கிராம் போல அப்படியே தங்கிவிடும்.

அதிரசத்துக்குப் பாகு காய்ச்சுகிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பதம் வந்த பிறகு இரண்டு நிமிடம் அடுப்பில் விட்டால் என்ன ஆகும் என்று தெரியும். இங்கேயும் அதே கதைதான், நிமிடத்துக்குப் பதில் மணிக்கணக்கு. சாற்றில் ஒரு கண்ணாடிக் குழாயை மிதக்க விடுவார்கள், சர்க்கரை குறையக் குறைய அது கீழே இறங்கும். நான்கு மணி நேரத்துக்கு ஒருதரம் போய்ப் பார்த்துக் குறித்து வைக்க வேண்டும். வெயில் காலத்து அறுவடையில் சாறு புளிக்கிற வேகத்துக்கு இறங்க வேண்டிய கோடு ராத்திரி இரண்டு மணிக்கு வந்து நிற்கும், அதற்கு விடியும் வரை பொறுமை கிடையாது. முன்கூட்டி ஊற்றினால் பாகு மாதிரித் திகட்டும். தாமதமானால் இனிப்பு போய்விடும், போனதைத் திரும்பக் கொண்டுவர வழியில்லை.

இன்னொன்று. பாட்டிலில் ஐந்தில் ஒரு பங்கு அந்தச் சாராயம் என்பதால் அது மட்டமானதாக இருந்தால் எவ்வளவு நல்ல பழம் போட்டும் பிரயோசனமில்லை. சின்னக் குடும்பங்கள் பெரும்பாலும் சாராயத்தைத் தாங்களே காய்ச்சுவதில்லை, வெளியில்தான் வாங்குவார்கள். பழத்தைவிட அதற்குத்தான் அதிகம் முகர்ந்து பார்ப்பார்கள் என்று நினைக்கிறேன்.

காலால் மிதித்துப் பிழிவார்களாமே, உண்மையா? கேட்கவே ஒருமாதிரி இருக்கிறது.
— மயிலாடுதுறை வாசகி

உண்மை. போர்ச்சுகலில் டோரோ ஆற்றுப் பள்ளத்தாக்கில் இன்றைக்கும் நடக்கிறது. லகார் என்று அழைக்கப்படும் கருங்கல் தொட்டி, ஆழம் அதிகமிருக்காது, தொடை வரை பழம் நிற்கும். பகலெல்லாம் கொடியில் பறித்துவிட்டு ராத்திரி தொட்டிக்குள் இறங்குவார்கள். முதல் இரண்டு மணி நேரம் தோளோடு தோள் கோத்து வரிசையாக நின்று, ஒருவர் எண்ணிக்கை சொல்ல, இடது வலது என்று ஒரு ஒரு அடியாக எடுத்து வைப்பார்கள். பேச்சு கிடையாது. அதன் பெயர் ‘கோர்ட்டே’, அதாவது வெட்டு. அது முடிந்ததும் ‘லிபெர்டாடே’, விடுதலை. அப்புறம் அக்கார்டியன் வாசிக்க அவரவர் இஷ்டத்துக்கு ஆட்டம்தான். நாற்றங்கால் சேற்றில் நடந்து பழகியவர்களுக்கு அந்த நடை உடனே வந்துவிடும்.

இது வேடிக்கைக்காக வைத்துக்கொண்ட வழக்கமில்லை. சாதாரணச் சிவப்பு ஒயினில் தோலும் சாறும் ஒரு வாரம், இரண்டு வாரம் சேர்ந்தே கிடக்கும், நிறம் நிதானமாக இறங்கும். போர்ட்டில் இரண்டு மூன்று நாளிலேயே சாராயம் ஊற்றியாக வேண்டும், அதற்குள் தோலிலிருந்து நிறத்தையும் துவர்ப்பையும் வாங்கிவிட வேண்டும். பாதம் தோலைக் கிழிக்கும், விதையை உடைக்காது. விதை உடைந்தால் கசப்பு. சிலிக்கான் பாதம் வைத்த இயந்திரத் தொட்டிகள் வந்துவிட்டன, கலிஃபோர்னியாவில் பெரும்பாலும் இயந்திரம்தான். சுத்தம் பற்றிக் கவலை வேண்டாம், கால் கழுவிவிட்டுத்தான் இறங்குகிறார்கள். 20 சதவீத ஆல்கஹாலில் கிருமி பிழைக்கிறதும் கஷ்டம்.

நான் சிறுதொழில் செய்கிறவன். ஒரே ஒரு பொருளை வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் எப்படித் தாக்குப்பிடித்தது என்று விவரமாகச் சொல்லுங்கள்.
— ஈரோடு வாசகர்

மடேரா ஊர் ஃப்ரெஸ்னோவுக்குப் பக்கம், சான் ஹோக்கின் பள்ளத்தாக்கில். கோடையில் 40 டிகிரியைத் தாண்டும், நம் வேலூர் மாதிரி. அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு. அது நீங்கிய பிறகு முப்பது வருஷத்துக்கு மேல், 1960களின் பிற்பகுதி வரைக்கும், அந்த நாட்டில் சாப்பாட்டோடு குடிக்கிற ஒயினைவிட இனிப்பான, சாராயம் சேர்த்த ஒயின்தான் அதிகம் விற்றது. இந்தப் பள்ளத்தாக்குதான் அதன் தொழிற்சாலை. பெயருக்குப் போர்ட், ஷெர்ரி என்று போட்டிருப்பார்கள், உள்ளே இருப்பது உலர் திராட்சைக்கென்று வளர்த்து மிஞ்சிப்போன பழத்தின் சாறாகக்கூட இருக்கும். அளவுதான் முக்கியம், ருசியை யாரும் கேட்கவில்லை.

அந்த இடத்தில் 1946-ல் வால்டர் ஃபிக்லின் என்பவரும் அவருடைய இரண்டு மகன்கள் வால்டர் ஜூனியரும் டேவிடும் சேர்ந்து, போர்ட் செய்வதாக இருந்தால் போர்ட்டுக்கான பழத்திலேயே செய்வோம் என்று இறங்கினார்கள். டேவிஸ் நகரத்துப் பல்கலைக்கழக ஆட்கள் இந்த வெயிலுக்குப் போர்ச்சுகல் ரகங்கள் தாங்கும் என்று சொல்லியிருந்தார்கள். டின்டா மடேரா, டூரிகா, டின்டா கௌன், சூசௌன் என்று வாயில் நுழையாத ரகங்களை நட்டார்கள். மண்கல்லில் ஒரு கட்டடம் எழுப்பினார்கள். தடித்த மண் சுவர், வெளியே அனல் அடித்தாலும் உள்ளே பீப்பாய் குளிர்ச்சியாக இருக்கும். வால்டர் ஜூனியர் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ள, டேவிட் ஒயினைப் பார்த்துக்கொண்டார். முதல் ஒயின் 1948-ல். அதிலிருந்து தலைமுறையாக அதே வேலை.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். சாதாரண ஒயின் செய்கிறவர் அடுத்த வருஷமே ஓரளவு காசைப் பார்த்துவிடுவார். இவர்களுடைய சரக்கோ பீப்பாயில் மூன்று வருஷம், பத்து வருஷம், இருபது வருஷம் என்று கிடக்கிறது. கிடக்கும்போது சும்மாவும் இருப்பதில்லை, மரத்தின் வழியாக ஆவியாகிக்கொண்டே இருக்கும். வருஷத்துக்கு இரண்டு சதவீதம் என்று வைத்தால்கூட இருபது வருஷத்தில் மூன்றில் ஒரு பங்கு காலி. தேவதைகளின் பங்கு என்று அதற்கு அழகாகப் பெயர் வைத்திருக்கிறார்கள், நம்மூர் குதிருக்கு எலிப் பங்கு மாதிரி. வட்டிக்கு வாங்கிய பணத்தில் இந்தத் தொழிலை நடத்த முடியாது. சொந்த நிலம், வீட்டு ஆட்களே வேலைக்காரர்கள், அப்பா ஊற்றி வைத்ததை மகன் விற்கலாம் என்கிற நிதானம், இவ்வளவும் இருந்தால்தான் நடக்கும். என்னைக் கேட்டால் இதில் வியாபாரம் பாதி, பிடிவாதம் பாதி. நீங்கள் சிறுதொழில் என்கிறீர்கள், தயவுசெய்து இதைப் பார்த்து ஒரே பொருளில் இறங்கிவிடாதீர்கள்.

இதே மாதிரி நாபா பள்ளத்தாக்கில் செயின்ட் ஹெலீனா என்கிற ஊரில் ப்ரேகர் குடும்பம் 1979-ல் ஆரம்பித்து போர்ட் வகையில் பெயர் வாங்கியது. அங்கே ஒரு ஜன்னல், ஆரம்பித்த நாளிலிருந்து துடைக்காமலே விட்டது, முழுக்க ஒட்டடை. வருகிறவர்கள் அதைப் பார்க்கவே வருகிறார்கள், சுவரெல்லாம் டாலர் நோட்டை ஒட்டிவிட்டுப் போகிறார்கள். நம் வீட்டு ஒட்டடைக்கு யார் காசு தருகிறார்கள்?

குடிக்காதவர்கள் இதையெல்லாம் எதற்குப் படிக்க வேண்டும்?
— கும்பகோணம் வாசகர்

கோலாரில் தங்கம் எப்படித் தோண்டினார்கள் என்று படித்தவர்கள் எல்லாரும் நகை வாங்கியவர்களா?

ரூபி, டானி, விண்டேஜ், சொலேரா... இதெல்லாம் பழத்தின் ரகமா?
— விருதுநகர் வாசகர்

பழத்தின் ரகம் இல்லை, வளர்ப்பு. ஒரே சாற்றைப் பெரிய தொட்டியில் கொஞ்ச காலம் வைத்து, சிவப்பும் பழ வாசனையும் போகுமுன் பாட்டிலில் அடைத்தால் ரூபி. சின்ன மரப்பீப்பாயில் வருஷக்கணக்கில் வைத்தால் காற்றுப் பட்டுப் பட்டு சிவப்பு வெளுத்துப் பழுப்பாகும், வாசனை அக்ரூட், அத்திப்பழம் என்று மாறும், அது டானி. லேபிளில் 10, 20, 30, 40 என்று போட்டிருப்பது பல வருஷத்து ஒயின்களைக் கலந்து கொண்டுவரும் ருசியின் வயது.

விண்டேஜ் மட்டும் வேறு ஜாதி. நல்ல விளைச்சல் வந்த ஒரே வருஷத்துப் பழம், பீப்பாயில் இரண்டு வருஷம்தான், மீதி வயதெல்லாம் பாட்டிலுக்குள். இருபது முப்பது வருஷம் கழித்துத் திறக்கும்போது கார்க் பொடிப்பொடியாக உதிரும். அதற்கு ஒரு இடுக்கி வைத்திருக்கிறார்கள். நெருப்பில் சிவக்கக் காய்ச்சி, பாட்டில் கழுத்தைப் பிடித்தபடி ஒரு நிமிடம் வைத்திருந்துவிட்டு, அந்த இடத்தில் ஈரத்துணியைச் சுற்றுவார்கள். டக்கென்று ஒரு சத்தம், கழுத்து கார்க்கோடு துண்டாகக் கையில் வந்துவிடும். யாரும் வீட்டில் செய்து பார்க்க வேண்டாம்.

சொலேரா என்பது இட்லி மாவு மாதிரி என்று சொல்லலாம். பழைய மாவில் ஒரு கரண்டி விட்டுவைத்துப் புதியதோடு சேர்ப்பதில்லையா? ஆனால் இங்கே அளவு தலைகீழ். எடுப்பது கொஞ்சம், விட்டுவைப்பது நிறைய. எடுத்த இடத்தைப் புது ஒயினால் நிரப்புவார்கள். ஃபிக்லின் குடும்பம் 1948-ல் ஆரம்பித்தது இப்படித்தான். அடிமட்டம் வரை காலி செய்வதில்லை என்பதால், பிறகு வருகிற ஒவ்வொரு பாட்டிலிலும் அந்த முதல் வருஷத்தின் ஒரு துளி இருக்கும். துளி என்றால் கணக்குக்குத் துளி, நாக்குக்குத் தெரியாது. இருந்தாலும் கேட்க நன்றாக இருக்கிறது.

எங்கள் ஊர்ப் பெயரைப் போட்டு யார் யாரோ பால்கோவா விற்கிறார்கள். போர்ட் என்ற பெயரை மட்டும் அமெரிக்காக்காரர்கள் போட்டுக்கொள்ளலாமா?
— ஸ்ரீவில்லிபுத்தூர் வாசகி

உங்கள் ஊர் பால்கோவாவுக்கு 2019-ல்தான் புவிசார் குறியீடு கிடைத்தது. டோரோ பள்ளத்தாக்குக்கு எல்லை வகுத்தது 1756-லேயே. பொம்பால் பிரபு என்கிற மந்திரி, போர்ட்டுக்கு உரிய நிலம் இதுவரைதான் என்று கருங்கல் தூண்களை நட்டுவிட்டார், 335 தூண்கள் என்று கணக்கு. அந்தக் காலத்தில் எல்டர் என்கிற ஒரு மரத்தின் பழச்சாற்றை ஊற்றி ஒயினுக்குக் கறுப்புச் சிவப்பு ஏற்றுகிற மோசடி நடந்துகொண்டிருந்தது, அதற்காக அந்த மரங்களையே வேரோடு பிடுங்கச் சொன்னார். கலப்படத்துக்கு அப்படி ஒரு நடவடிக்கையை இங்கே யாராவது எடுத்தால் நன்றாக இருக்கும்.

அமெரிக்காவில் ரொம்ப நாள் எந்த இனிப்பு ஒயினுக்கும் போர்ட் என்று போட்டுக்கொண்டார்கள். 2006-ல் ஐரோப்பிய ஒன்றியத்தோடு ஒப்பந்தம் வந்தது. அதற்கு முன்பே அந்தப் பெயரில் லேபிள் வைத்திருந்தவர்கள் தொடரலாம், புதிதாக வருகிறவர்கள் போடக்கூடாது. ஆஸ்திரேலியாக்காரர்கள் பெயரை விட்டுவிட்டு வெறும் டானி என்கிறார்கள். தென்னாப்பிரிக்காவில் காலிட்ஸ்டோர்ப் என்ற ஊரைச் சுற்றி இதைச் செய்கிற குடும்பங்கள் இருக்கின்றன, அவர்கள் கேப் டானி, கேப் ரூபி என்று தங்கள் மண்ணின் பெயரை முன்னால் போட்டுக்கொண்டார்கள்.

எல்லாரையும்விட மடேராவில் உள்ள இன்னொரு குடும்பம், குவேடி, சாமர்த்தியமாகச் செய்தது. கப்பலின் இடப்பக்கத்துக்கு மாலுமிகள் பாஷையில் போர்ட் என்று பெயர், வலப்பக்கம் ஸ்டார்போர்ட். ‘போர்ட்’ உங்களுடையதா, வைத்துக்கொள்ளுங்கள் என்று தங்கள் ஒயினுக்கு ‘ஸ்டார்போர்ட்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள்!

என் கட்சி போர்ச்சுகல் பக்கம்தான். போர்ட் என்பது அங்கே உள்ள போர்ட்டோ என்கிற ஊரின் பெயரிலிருந்து வந்தது, ஊர்ப் பெயர் ஊருக்குச் சொந்தம். ஆனால் மடேராக்காரர்கள் செய்வது போலி என்று சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன், பழமும் முறையும் அதுவேதான். இதில் ஒரு வேடிக்கை, ஸ்பானிய மொழியில் மடேரா என்றால் மரம், மரக்கடைக்காரர்கள் வைத்த பெயர். போர்ச்சுகலுக்குச் சொந்தமான மதேரா தீவின் பெயருக்கும் மரம் என்றுதான் அர்த்தம், அந்தத் தீவிலும் சாராயம் சேர்த்த ஒயின்தான் பிரசித்தம். ஆனால் இரண்டு ஊருக்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது.

கோவாவில் போர்ட் ஒயின் என்று மலிவாக விற்கிறார்களே, அது?
— சேலம் வாசகர்

போர்ச்சுகீசியர் விட்டுப்போன பெயர். டோரோவுக்கும் அதற்கும் உள்ள உறவு அந்தப் பெயரோடு சரி. இனிப்பாக இருக்கும், சுற்றுலாப் போனவர்கள் வாங்கி வருவார்கள். குறை சொல்லவில்லை, அதைக் குடித்துவிட்டு ‘போர்ட் எனக்குத் தெரியும்’ என்று மட்டும் சொல்ல வேண்டாம்.

எங்களிடம் நான்கு ஏக்கர் பன்னீர் திராட்சை. விலை விழுந்தால் பறிக்கிற கூலிகூடத் தேறுவதில்லை. இதில் அந்த மாதிரி ஒயின் செய்ய முடியுமா?
— தேனி மாவட்ட வாசகர்

இந்தக் கேள்விக்காகவே இந்தப் பக்கத்தை ஒதுக்கினேன்.

பன்னீர் திராட்சை என்று நாம் சொல்கிறதன் ரகப் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். அதையே கலிஃபோர்னியாவில் பிளாக் மஸ்கட் என்பார்கள். மேலே சொன்ன குவேடி குடும்பத்தின் கதையைக் கேளுங்கள். ஆண்ட்ரூ குவேடி 1975-ல் முதல்முறை போர்ட் வகை செய்தார், பழம் அமடோர் மாவட்டத்து ஜின்ஃபான்டெல், யோசனை சொன்னவர் சாக்ரமென்டோவில் மளிகையும் ஒயினும் விற்கிற டாரல் கோர்ட்டி. அப்புறம் அதிகம் பேர் சீந்தாத ஆரஞ்சு மஸ்கட் என்கிற பழத்தை எடுத்து, அதே மாதிரி பாதியில் நிறுத்திச் சாராயம் சேர்த்து 1980-ல் ‘எஸ்ஸென்சியா’ என்று ஒன்று செய்தார். பிறகு பிளாக் மஸ்கட்டை, அதாவது உங்கள் பன்னீர் திராட்சையை எடுத்து ‘எலிசியம்’ என்று செய்தார். போர்ட் அளவுக்குக் கடுமை இல்லை, 15 சதவீதம். அதைக் குடித்தவர்கள் எல்லாரும் முதலில் சொல்வது ரோஜா வாசனை. நம் ஊரில் யாரோ ஒரு விவசாயி அந்தப் பழத்துக்குப் பன்னீர் என்று பெயர் வைத்தாரே, அவர் மூக்குக்கு ஒரு கும்பிடு.

ஆக, பழத்தால் முடியும். மற்றவைதான் சங்கடம். கம்பம் பள்ளத்தாக்கில் வருஷத்துக்கு ஒன்றுக்கு மேல் காய்ப்பு எடுக்கிறோம், சந்தைக்குச் சாப்பிடுகிற பழமாகப் பறிக்கிறோம். இந்த ஒயினுக்குக் குலையைக் குறைத்து, கொடியிலேயே இன்னும் பழுக்க விட்டுச் சர்க்கரை ஏற்ற வேண்டும். மகசூல் குறையும், நடுவில் மழை வந்தால் போச்சு. அடுத்தது, உரிமம் இல்லாமல் ஒயினோ சாராயமோ செய்வது குற்றம், வீட்டில் குடத்தில் முயற்சி செய்து மாட்டிக்கொள்ளாதீர்கள். கடைசியாக விற்பனை. மடேராக் குடும்பங்கள் தோட்டத்து வாசலிலேயே வருகிறவர்களுக்கு ஊற்றிக் கொடுத்து விற்கிறார்கள், சின்ன ஆட்கள் பிழைப்பது அதனால்தான். தமிழ்நாட்டில் சில்லறை விற்பனை 2003 முதல் டாஸ்மாக் கையில். போர்ச்சுகலிலேயே 1986 வரை ஆற்று முகத்தில் உள்ள வீலா நோவா டி காயா ஊர்க் கிடங்குகள் வழியாகத்தான் போர்ட் ஏற்றுமதியாக முடியும், மலையில் இருந்த சின்னத் தோட்டக்காரர்கள் பெரிய கம்பெனிகளுக்குச் சாற்றைக் கொடுத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். விதி மாறிய பிறகுதான் குடும்பத் தோட்டங்கள் தங்கள் பெயரில் பாட்டிலை வெளிநாட்டுக்கு அனுப்ப ஆரம்பித்தன. நாலு ஏக்கரில் தனியாக யோசிப்பதைவிட, 2023-ல் வந்த கம்பம் பன்னீர் திராட்சைப் புவிசார் குறியீட்டை வைத்து உங்கள் விவசாயிகள் சங்கம் பழத்துக்கும் சாற்றுக்கும் ஏதாவது செய்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கோயிலில் திருப்பலிக்கு வைக்கிற திராட்சை ரசமும் இந்த வகைதானா?
— வேளாங்கண்ணி வாசகி

பக்கத்தில் வரும், அதே இல்லை. திராட்சையிலிருந்து மட்டுமே வந்ததாக இருக்க வேண்டும். கெடாமல் இருக்கத் திராட்சைச் சாராயம் கொஞ்சம் சேர்க்கத் திருச்சபை அனுமதிக்கிறது, ஆனால் மொத்தம் 18 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. போர்ட் அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம்.

அண்ணன் மகன் வெளிநாட்டிலிருந்து ஒரு டானி பாட்டில் கொண்டுவந்து கொடுத்தான். திறந்தால் எத்தனை நாள் தாங்கும்? சர்க்கரை உள்ளவர் குடிக்கலாமா?
— சென்னை வாசகர்

இரண்டாவது கேள்வி டாக்டருக்கு. லிட்டருக்கு 100 கிராம் சர்க்கரை என்பதை மட்டும் அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

முதலாவதற்கு: டானி ஏற்கெனவே பீப்பாயில் காற்றோடு பழகினது, திறந்த பிறகு ஃப்ரிட்ஜில் வைத்தால் ஒரு மாதம், இரண்டு மாதம் தாங்கும். ரூபி என்றால் ஓரிரண்டு வாரம். பழைய விண்டேஜ் என்றால் இரண்டு நாளில் முடித்துவிட வேண்டும். ஜில்லென்று வேண்டாம், எடுத்துப் பத்து நிமிடம் வெளியே வைத்துவிட்டுச் சின்னக் கிளாஸில், சாப்பாட்டுக்குப் பிறகு.

இதில் எனக்கு அனுபவம் உண்டு. ஃப்ரெஸ்னோவிலிருந்து வந்த ஒரு பாட்டிலை, ஒயின் என்றால் ரூம் டெம்பரேச்சர் என்று எங்கேயோ படித்த ஞானத்தில், ஃப்ரிட்ஜுக்குள் வைக்காமல் ஃப்ரிட்ஜ் மேலே வைத்தேன். அந்த ரூம் சென்னையில் மே மாதம் என்பது உறைக்கவில்லை. பாதி பாட்டில், எட்டு மாதம். ஒரு பண்டிகை நாளில் பெருமையாக எடுத்து ஊற்றினால் அக்ரூட்டும் இல்லை, அத்தியும் இல்லை, பழைய ஜமுக்காளத்தைச் சர்க்கரைத் தண்ணீரில் நனைத்த மாதிரி இருந்தது. வந்திருந்த மாப்பிள்ளை மரியாதைக்கு ஒரு கிளாஸ் முழுக்கக் குடித்தார், பாவம். பாட்டில் மட்டும் நல்ல பாட்டில். ஜன்னலோரம் தண்ணீர் ஊற்றி வைத்ததில் மணிபிளாண்ட் மூன்று முழம் வளர்ந்திருக்கிறது.